சத்தமும் வெளிச்சமும் தாங்காதபோது நான் மாற்றியவை

எனக்கு ஆட்டிசம் இருக்கிறது. அலுவலகத்தில் மதியம் ஆவதற்குள் தலை கனத்து, யாராவது கூப்பிட்டாலே அழுகை வந்துவிடும். வேலைப்பளு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், ஆனால் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்ததில் முதலில் சிக்கியது தலைக்கு மேலே இருந்த ட்யூப்லைட். பழைய சோக் வைத்த ட்யூப்லைட், மின்சாரத்தின் அலைவுக்கு ஏற்ப நொடிக்கு 100 அல்லது 120 முறை மினுக்கும். கண்ணுக்குத் தனியாகத் தெரியாவிட்டாலும் சிலருக்குத் தலைவலி வர அது போதும். ஜன்னல் பக்கம் இடம் மாறினேன், பாதி பாரம் இறங்கியது.

அடுத்தது சத்தம். காதடைப்பான் உதவுகிறது, ஆனால் நாள் முழுக்கப் போட்டால் காது இன்னும் கூச ஆரம்பிக்கும், அதனால் இரைச்சலான நேரத்துக்கு மட்டும். அப்புறம், தாங்க முடியாத நிலை வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே எழுந்து போய், சுவரை இரண்டு கையாலும் அழுத்தித் தள்ளுவேன். தசைக்கும் மூட்டுக்கும் கிடைக்கும் அந்த அழுத்தம் என்னை நிதானப்படுத்துகிறது.

இந்த மாற்றங்களை மேலாளரிடம் கேட்கத்தான் தயக்கமாக இருந்தது. ஆனால் புலன் கூச்சம், அதாவது சத்தம், வெளிச்சம் போன்றவை அளவுக்கு மீறி உறைப்பது, மனநல மருத்துவர்கள் நோயறியப் பயன்படுத்தும், 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 கையேட்டிலேயே ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக இருக்கிறது, இது செல்லம் கொஞ்சுவது இல்லை. "இந்த விளக்கு வேண்டாம், இந்த இடம் வேண்டும்" என்று குறிப்பாகக் கேளுங்கள், பொதுவாகக் கஷ்டம் என்று சொன்னால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரிவதில்லை.