முகாமில் தட்டம்மை ஊசி: மருந்தைவிடக் கரைநீரைக் கவனியுங்கள்

போருக்குத் தப்பி வந்தவர்கள் கூடாரங்களில் நெருக்கியடித்துத் தங்கும் இடத்தில் தட்டம்மை மிக வேகமாகப் பரவும். நூற்றுக்கு 95 பேருக்காவது எதிர்ப்பு சக்தி இருந்தால்தான் அடங்கும். முதல் நோயாளி வரட்டும் என்று காத்திராமல், ஆறு மாதக் குழந்தை முதல் 14 வயது வரை எல்லோருக்கும் போடுங்கள். தடுப்பூசி அட்டை தொலைந்திருந்தால் தேட வேண்டாம். இன்னொரு முறை போட்டால் கெடுதல் இல்லை. சத்துக் குறைந்த குழந்தையைத் திருப்பி அனுப்பாதீர்கள், தட்டம்மை முதலில் கொல்வது அவர்களைத்தான்.

10,000 பேர் இருக்கும் முகாமில் இந்த வயதினர் ஏறக்குறைய 4,500. சேதாரம் சேர்த்து 5,300 டோஸ், அதாவது பத்து டோஸ் குப்பி 530. உலர்ந்த மருந்துத் தூளைக் கரைக்கும் கரைநீரும் கலக்கும் சிரிஞ்சும் அதே 530. ஒருமுறை குத்தியதும் பூட்டிக்கொள்ளும் 0.5 மி.லி. சிரிஞ்சு 5,000. நூறு சிரிஞ்சு கொள்ளும் கழிவுப் பெட்டி 60.

கோளாறு பெரும்பாலும் கரைநீரில்தான் வரும். உலர்ந்த மருந்து உறைந்தாலும் கெடாது. கரைநீர் உறைந்தால் குப்பி விரிசல் விடும். சூடாக ஊற்றினால் மருந்தின் வீரியம் போய்விடும். எனவே முந்தின நாளே 2–8 டிகிரியில் வையுங்கள். அதே கம்பெனி கரைநீர் மட்டும்தான். 2014 செப்டம்பரில் சிரியாவின் இத்லிப் பகுதியில் கரைநீர் என்று நினைத்து, அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தும் அட்ராகுரியத்தைக் கலந்துவிட்டார்கள். 15 குழந்தைகள் இறந்தன. தடுப்பூசிப் பெட்டிக்குள் வேறு எந்த மருந்தும் இருக்கக்கூடாது. கலக்கும் ஒவ்வொரு முறையும் லேபிளை வாய்விட்டுப் படியுங்கள்.

கலந்த நேரத்தைக் குப்பி மேல் எழுதுங்கள். ஆறு மணி நேரமானால் பாதி மீதியிருந்தாலும் கொட்டிவிடுங்கள். இதில் கிருமித்தடுப்பு மருந்து கிடையாது, பாக்டீரியா பெருகினால் ஊசியே நஞ்சாகும்.

போட்டதும் இடது சுண்டுவிரல் நகத்தில் மை. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்குப் போட்டது கணக்கில் சேராது. ஒன்பது மாதம் முடிந்ததும், குறைந்தது ஒரு மாத இடைவெளி விட்டு, மறுபடி போட வேண்டும். அட்டையில் அந்தத் தேதியை அப்போதே எழுதிக் கொடுங்கள்.

முகாமுக்கு ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். பதிவு மேசைக்குப் பக்கத்திலேயே ஒரு குளிர்பெட்டி வையுங்கள். இரண்டே குழந்தைகள் வந்தாலும் குப்பியைத் திறக்கத் தயங்காதீர்கள்.