கார்த்திகைப்பூவும் மழை லில்லியும்: கோடையில் நாம் விடும் பிழைகள்

ஐப்பசியின் முதல் பெருமழை விழுந்து நாலைந்து நாளில் வன்னியின் பல முற்றங்களில் மழை லில்லி பூத்துவிடும். அதே மழைக்கு வேலியோரத்தில் கார்த்திகைப்பூவின் முளை மண்ணைத் தள்ளிக்கொண்டு வரும். அது பூக்க இன்னும் ஆறேழு கிழமை செல்லும். மாரியில் முந்திப் பூக்கும் செடி எது என்று கேட்பவர்களுக்கு நான் இந்த இரண்டையும்தான் சொல்வேன். இரண்டும் கோடை முழுக்க நிலத்துக்குள் தூங்கிக் கிடந்து மழைக்கு எழும்புகிறவை. அதனால் இரண்டையும் ஒரே மாதிரி வளர்க்கலாம் என்று நினைத்துவிடுகிறோம். பூக்கும் காலத்தில் நாம் பெரிதாகப் பிழை விடுவதில்லை. கண்ணுக்கு ஒன்றும் தெரியாத ஆனி, ஆடி, ஆவணியில்தான் இவற்றைக் கெடுக்கிறோம்.

2010இல் நாங்கள் மீள்குடியேறி வந்தபோது வளவில் வேலி இல்லை, கிணறு தூர்ந்து கிடந்தது. அந்த மாரியில் பழைய வேலிக்கரையில் கார்த்திகைப்பூ தானாக முளைத்துப் பூத்தது. தண்ணீர் ஊற்ற, பசளை போட ஒருவரும் இருக்கவில்லை. அதற்கு அடுத்த ஆண்டுகளில் நான் அக்கறையாகப் பராமரிக்கத் தொடங்கிய பிறகுதான் அது குறைந்தது. என்ன செய்தேன் என்று யோசித்தபோது விளங்கியது: கோடையில் கத்தரிக்கும் மிளகாய்க்கும் தண்ணீர் பாய்ச்சிய அதே வாய்க்கால் அந்தக் கிழங்குகளுக்கு மேலாகத்தான் போனது. தூங்கும் கிழங்கு ஈரத்தில் கிடந்தால் அழுகும். அதற்குத் தேவை உலர்ந்த மண், கொஞ்சம் நிழல், அவ்வளவுதான்.

மழை லில்லிக்கு அதே தண்ணீர் வேறு விதமாகக் கெடுதல் செய்கிறது. அது அழுகாது. பச்சைப் பசேலென்று இலை விட்டுக்கொண்டே இருக்கும், பூ மட்டும் வராது. காய்ந்து கிடந்த மண் திடீரென்று நனைவதுதான் அதற்குப் பூக்கச் சொல்லும் சைகை. நாள் தவறாமல் ஈரம் இருந்தால் அந்தச் சைகையே கிடைக்காது. பூச்சாடியில் வைத்திருப்பவர்கள் மூன்று நாலு கிழமை தண்ணீரை நிறுத்திவிட்டு, பிறகு ஒரு நாள் நன்றாக ஊற்றிப் பாருங்கள். மழை இல்லாமலே பூக்கும். இந்த வித்தையைக் கார்த்திகைப்பூவிடம் காட்ட முடியாது. அதன் தூக்கம் மாதக்கணக்கானது. இடையில் தண்ணீர் ஊற்றி எழுப்பப் போனால் கிழங்குதான் போகும்.

அடுத்தது, தைப்பொங்கலுக்கு வளவு துப்புரவாக்குவது. தையில் கார்த்திகைப்பூக் கொடி மஞ்சளாகி அசிங்கமாகத் தெரியும். கையோடு பிடுங்கி எரித்துவிடுவோம். ஆனால் கொடி மஞ்சளாகும் அந்த நாட்களில்தான் அடுத்த ஆண்டுக்கான கிழங்கு நிரம்புகிறது. இந்தச் செடியில் பழைய கிழங்கு ஒவ்வோர் ஆண்டும் செத்துப்போய், அதன் இடத்தில் கவர்க்கொம்பு போல இரண்டு கையுள்ள புதுக் கிழங்கு உண்டாகும். கலப்பைக் கிழங்கு என்ற பெயர் அந்த வடிவத்தால் வந்தது. கொடி தானாகக் காய்ந்து விழும்வரை விட்டுவிடுங்கள். பொங்கல் முற்றத்தில் இருந்து அது தள்ளியே இருக்கட்டும்.

கிழங்கைக் கிண்டி எடுக்கும்போது நடக்கும் பிழை இன்னும் மோசமானது. ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரேயொரு முளைதான் இருக்கும். மண்வெட்டியை ஓங்கி அந்த நுனியை முறித்துவிட்டால் மிச்சக் கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது. செடி இருந்த இடத்தில் இருந்து ஒரு முழம் தள்ளிச் சுற்றிக் கிண்டி, கையால் மண்ணை விலக்கி எடுக்க வேண்டும். புதுக் கிழங்கு பழையதைவிட்டுத் தள்ளி வளர்வதால், போன ஆண்டு தண்டு நின்ற அதே இடத்தில் அடுத்த தண்டு வராது. ஆகவே ஒரு தடியை மட்டும் அடையாளம் நட்டால் போதாது. சுற்றி நாலு ஓட்டுத்துண்டு வையுங்கள். நடும்போது கிழங்கைப் படுக்கையாக, நாலு விரல் ஆழத்தில் வையுங்கள். விதையில் இருந்தும் வளர்க்கலாம், ஆனால் பூப் பார்க்க இரண்டு மூன்று ஆண்டு பொறுக்க வேண்டும்.

லில்லியைப் பிரிப்பதில் இந்தப் பயம் இல்லை. அங்கே பிழை எதிர்ப்பக்கம்: ஆண்டுதோறும் கிளப்பிப் பிரித்து நடுகிறோம். அது நெருக்கமாக நின்றால்தான் நன்றாகப் பூக்கும். மூன்று நாலு ஆண்டுக்கு ஒருமுறை பிரித்தால் போதும். ஆழமாகப் புதைக்கவும் கூடாது, குமிழின் கழுத்து மண்மட்டத்தில் இருக்கட்டும். புல் என்று நினைத்துச் செருக்கிவிடுவதும் வழக்கமாக நடக்கிறது, அதற்குக் கரையில் கல் அடுக்குவதே வழி.

இடத்தைத் தெரிவதில் வன்னி மண்ணைப் பார்க்க வேண்டும். மேட்டுச் செம்மண்ணில் கார்த்திகைப்பூ நன்றாக வரும். குளத்துக்குக் கீழே வயலை அண்டிய களிமண்ணில் கார்த்திகை மாத மழை நின்றால் தாங்காது. அங்கே ஒரு முழம் உயர மேடு கட்டி நடுங்கள். வெள்ளை மழை லில்லி அந்த ஈரத்தைத் தாங்கும். இளஞ்சிவப்பும் மஞ்சளும் மேட்டில் நிற்பதே நல்லது. இரண்டுக்கும் மக்கிய மாட்டெரு போதும். யூரியா போட்டால் இலைதான் மிஞ்சும்.

கார்த்திகைப்பூவுக்கு மொத்தமான கம்பு நடுவது வீண்வேலை. அதன் இலை நுனிதான் சுருண்டு பிடிக்கிறது, அந்தச் சுருளுக்கு ஈர்க்கு, மெல்லிய கம்பி, அலம்பல் போன்றவை வேண்டும். கதியால் வேலியில் அது சுகமாக ஏறுவது அதனால்தான். பிடி கிடைக்காமல் தண்டு காற்றில் முறிந்தால் பெரும்பாலும் அந்த ஆண்டுப் பூ அத்தோடு போய்விடும். கார்த்திகை மாதத்தில் அந்தப் பூ எங்களுக்கு என்ன என்பதை இங்கே எழுதத் தேவையில்லை, ஒரு தண்டு முறிந்தாலும் மனம் கஷ்டப்படும்.

இரண்டையும் தின்னும் ஒரு புழு உண்டு. கறுப்பு உடம்பில் வெள்ளையும் செம்மஞ்சளுமாகப் புள்ளி இருக்கும். இரண்டு இரவில் கொடியை மொட்டையாக்கும். விடிய எழும்பி இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்து, சவர்க்காரத் தண்ணீரில் பொறுக்கிப் போட்டால் மருந்தடிக்கத் தேவையே இல்லை.

எல்லாவற்றையும்விட ஆபத்தான பிழையைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். கார்த்திகைப்பூவின் எல்லாப் பகுதியும் நஞ்சு, கிழங்கு கொடிய நஞ்சு. அதில் இருப்பது கொல்சிசின் என்ற நஞ்சு. வற்றாளைக் கிழங்கு என்று நினைத்து அதை அவித்துச் சாப்பிட்டவர்கள் இலங்கையில் இருக்கிறார்கள். அவித்தாலும் நஞ்சு போகாது. சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும், பிழைத்தவர்களுக்கும் ஒன்றிரண்டு கிழமையில் தலைமயிர் கொட்டும். அதனால் கிண்டிய கிழங்கைக் குசினிப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். மரவள்ளி, வற்றாளைப் பாத்திக்குப் பக்கத்தில் நடவும் வேண்டாம். ஆட்டுக்குக் குழை வெட்டும்போது கொடி சேர்ந்து வராமல் பாருங்கள். தொட்ட கையைக் கழுவுங்கள். யாராவது வாயில் வைத்துவிட்டால் வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு இருக்காமல் உடனே ஆசுபத்திரிக்குப் போங்கள், செடியின் ஒரு துண்டையும் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். மழை லில்லியின் குமிழும் சாப்பிட்டால் வாந்தி எடுக்க வைக்கும், பார்ப்பதற்கோ சின்ன வெங்காயம் மாதிரி. பிரித்தெடுத்த குமிழை வெங்காயக் கடகத்துக்குள் போடாமல், பெயர் எழுதிய தனிப் பையில் கட்டி, சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் தூக்கி வையுங்கள்.