கொழும்பு வெக்கையில் பொலரோயிட் எடுப்பது எப்படி

எடுத்த உடனேயே தாளில் படம் தருகிற பொலரோயிட் கலர் பிலிம் ஒழுங்காகத் துலங்க 13 முதல் 28 பாகை செல்சியஸ் வரை வேண்டும். கொழும்பில் பகலில் 30 பாகை சாதாரணம். அதைக் கவனிக்காமல் எடுத்தால் படம் முழுக்க மஞ்சளும் சிவப்பும் ஏறிவிடும். ஃபூஜி நிறுவனத்தின் இதே வகைப் பிலிமான இன்ஸ்டாக்ஸ் 40 பாகை வரை தாங்கும். கல்யாண வீட்டில் நூறு பேருக்குப் படம் கொடுக்க வேண்டுமென்றால் யோசிக்காமல் அதையே வாங்குங்கள்: பெட்டிக்கு 10 தாள், பத்துப் பெட்டி, பழுதாகிற தாளுக்கு ஈடாக இன்னொரு பெட்டி.

பொலரோயிட்தான் வேண்டுமென்றால் பெட்டியில் உற்பத்தித் திகதியைப் பாருங்கள். அதிலிருந்து 12 மாதத்துக்குள் எடுத்து முடிக்க வேண்டும். வாங்கியதும் உறை பிரிக்காமல் பிரிட்ஜில் கிடையாக வையுங்கள். பிரீசரில் வைத்தால் உள்ளிருக்கும் படம் துலக்கும் பசை உறைந்து பிலிம் வீணாகிவிடும். எடுப்பதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே வெளியே வைத்து, குளிர் முழுக்க விட்ட பிறகே உறையைப் பிரியுங்கள். குளிரோடு பிரித்தால் நம் ஊர் ஈரக்காற்று பிலிமில் வியர்த்துவிடும்.

காலிமுகத்திடல் போன்ற திறந்தவெளிக்குப் போனால் ஐஸ் பொதி வைத்த சின்னப் பை ஒன்று கொண்டுபோங்கள். பொலரோயிட் தாளில் வெளிச்சம் படுகிற பக்கத்திலேயே படமும் தெரியும். அதனால் வெளியே வந்த முதல் சில விநாடிகள் மிக முக்கியம். உடனே கையால் மறைத்து, கவிழ்த்துப் பைக்குள் வையுங்கள். ஐஸில் நேரே ஒட்டாமல் இடையில் துணி இருக்கட்டும். கலர் துலங்க 15 நிமிடம் வரை ஆகும். இன்ஸ்டாக்ஸில் வெளிச்சம் பின்பக்கத்தால் படுவதால் இந்தப் பாடு இல்லை. எதையும் உதறாதீர்கள், தாளின் அடுக்குகள் பிரிந்துவிடும்.

படத்தில் ஒரே இடைவெளியில் புள்ளி விழுந்தால் குற்றம் கமராவில் தாளை அழுத்தி வெளியே தள்ளுகிற ரோலரில். கடுகளவு காய்ந்த பசை போதும். ரோலர் சுற்றுகிற ஒவ்வொரு தடவையும் அந்த இடம் தாளை அழுத்தும். பெட்டி மாற்றும்போதெல்லாம் சற்று ஈரமான மெல்லிய துணியால் ரோலரைச் சுற்றிச் சுற்றித் துடைத்து, காயவிட்டுப் பிறகு பிலிம் போடுங்கள். பசை காரமானது. கையில் பட்டால் உடனே கழுவுங்கள்.

பெரிய பிலிம் நிறுவனமொன்று பொலரோயிட்டைப் பொறுப்பெடுத்தால் இந்தப் பிலிம் தொல்லை தீருமா என்று சிலர் கேட்கலாம். 2008இல் தயாரிப்பு நின்றபோது நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரிலிருந்த பொலரோயிட் ஆலையின் இயந்திரங்களை, அந்தப் பிலிமை மீண்டும் தயாரிக்க முன்வந்த இம்பொசிபிள் ப்ரொஜெக்ட் என்ற நிறுவனம் காப்பாற்றியது. ஆனால் பழைய இரசாயனங்கள் கிடைக்கவில்லை. கலவையைப் புதிதாக உருவாக்கி 2010இல்தான் பிலிம் வந்தது. ஆகவே பிலிம் தயாரிக்கத் தெரிந்த நிறுவனத்தின் கை இதில் இருந்தால் நல்லதுதான். ஆனாலும் பெரிய நிறுவனம் என்பதால் பிலிம் தொடர்ந்து வரும் என்றில்லை: ஃபூஜியே 2016இல் எஃப்பி-100சி என்ற தன் உடனடிப் படப் பிலிமை நிறுத்துவதாக அறிவித்தது. அதற்கென்றே வாங்கிய கமராக்கள் இன்று பிலிமில்லாமல் கிடக்கின்றன. ஆகவே பழைய கமரா வாங்கப் போகிறவர்கள், அதற்கான பிலிம் இன்னும் தயாரிக்கப்படுகிறதா என்று விசாரித்த பிறகே காசை எண்ணுங்கள்.