கூடு விட்டுக் கூடு பாய்கிற வித்தை: ‘மோர்ட்டல் ஷெல்’ முதல் தடவை ஆடப்போகிறவர்களுக்கு

கோத்தகிரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு நவம்பர் மாதம் படுத்தே கிடக்கும். ஜூன், ஜூலையில் கூடலூரை ஊறப்போடும் மழை எங்கள் பக்கம் தூறலோடு போய்விடும். நாங்கள் கிழக்குச் சரிவு. ஐப்பசி, கார்த்திகைதான் எங்கள் முறை. குஞ்சப்பனை ரோட்டில் மரம் விழும், மண் சரியும், கடைக்கு ஈ, காக்கா வராது. அப்படி ஒரு வாரத்தில் அரவேணுவிலிருந்து அக்கா மகன் வந்து, “மாமா, உங்க சிஸ்டத்துல கிராபிக்ஸ் கார்டு இருக்குல்ல?” என்று கேட்டதில் தொடங்கியது இது. அவன் பிளஸ் ஒன். எனக்கு வயது முப்பத்தெட்டு. இரண்டு பேரும் ஒரே விளையாட்டில் செத்துச் செத்துப் பிழைத்ததைத்தான் வழிகாட்டியாக எழுதுகிறேன்.

‘மோர்ட்டல் ஷெல்’ 2020 ஆகஸ்ட் 18 அன்று வந்தது. செய்தது கோல்ட் சிமெட்ரி என்ற சின்னக் குழு. ‘டார்க் சோல்ஸ்’ பரம்பரையில் வந்த சோல்ஸ்லைக் வகை: எதிரி இரண்டு மூன்று அடியில் முடித்துவிடுவான், சேர்த்ததெல்லாம் செத்த இடத்தில் கிடக்கும், போய்த் திரும்ப எடுக்க வேண்டும். ஆனால் ‘எல்டன் ரிங்’ மாதிரி நூறு மணி நேரம் விழுங்காது. எனக்குப் பத்தொன்பது மணி நேரம் ஆனது. கை பழகியவர்கள் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். குடும்பம் குட்டி இருக்கிறவனுக்கு இந்த அளவுதான் சரி.

முதலில் கதை. கேட்காதீர்கள். எனக்கும் பாதி புரியவில்லை. நீங்கள் ஒரு வெளிறிய, தோலுரித்த மாதிரியான உருவம். தொடக்கத்திலேயே ஹேடர்ன் என்ற ஒருவன் வந்து உங்களைச் சோதிப்பான், அப்புறம் ஒரு பெரிய மீன் உங்களை விழுங்கும், கண் விழித்தால் ஃபால்கிரிம் என்ற சதுப்புக் காடு. அங்கே செத்துக்கிடக்கும் வீரர்களின் உடலுக்குள் நுழைந்துகொள்ளலாம். அதுதான் ஷெல். நம் சித்தர் கதைகளில் வரும் கூடு விட்டுக் கூடு பாய்தலேதான், வேறொன்றுமில்லை. அதனால் நாங்கள் அதைக் ‘கூடு’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

இனி ஆட்டத்தின் உயிர்நாடி. இதில் கேடயம் கிடையாது. அதற்குப் பதில் கண்ட்ரோலரில் இடது ட்ரிகரை அழுத்தினால் உடம்பு அப்படியே கல்லாகிவிடும். அடி விழும் வரை கல்லாகவே நிற்கலாம். அடி விழுந்ததும் கல் உடையும், உங்களுக்கு ஒரு கீறல்கூட இருக்காது, அடித்தவன்தான் தடுமாறுவான். மருமகன் இதற்கு ‘அகலிகை பட்டன்’ என்று பேர் வைத்தான். ராமன் கால் படும்வரை காத்திருக்கத் தேவையில்லை, எதிரியின் கத்தி பட்டாலே போதும்.

எல்லோரும் இதைக் கேடயம் மாதிரி நினைத்து, எதிரி கை ஓங்கியதும் பயந்துபோய் அழுத்துவார்கள். நானும் முதல் மூன்று நாள் அப்படித்தான். உயிர் தப்பலாம், ஆனால் அதோடு சரி. கல் உடைந்த பிறகு கொஞ்ச நேரத்துக்கு மறுபடி கல்லாக முடியாது. அதற்குள் அடுத்த அடி வந்துவிடும்.

சரியான முறை இது: நீங்கள்தான் முதலில் அடிக்க வேண்டும். கத்தியை ஓங்கி, அது பாதி வழியில் இறங்கும்போது கல்லாகுங்கள். ஓங்கிய கை ஓங்கியபடி நிற்கும். எதிரி வந்து அடிப்பான், தடுமாறுவான், கல் உடைந்த நொடியில் உங்கள் கத்தி விட்ட இடத்திலிருந்து இறங்கும். அவனால் தடுக்க முடியாது. உருளும்போதும் கல்லாகலாம். ஃபால்கிரிமில் முதலில் பார்க்கும் ஒற்றை வழிப்பறிக்காரனிடம் இதை மட்டும் பழகுங்கள். பாஸை, அதாவது ஒவ்வொரு இடத்திலும் காத்திருக்கும் பெரிய எதிரியை, தேடி ஓடாதீர்கள். நான் ஒரே ஆளிடம் ஒரு சாயங்காலம் முழுக்க நின்றேன். ஓங்கு, உறை, இறக்கு. அவ்வளவுதான். மருமகன் பக்கத்தில் வர்க்கியைக் கடித்துக்கொண்டு, “மாமா, அவன் பாவம் மாமா” என்றான். அடுத்த நாள் மூன்று பேர் சேர்ந்து வந்தபோது யார் பாவம் என்று தெரிந்தது. கூட்டமாக வந்தால் ஒருவனுக்குக் கல்லாகும்போது மற்றவன் பின்னால் வந்துவிடுவான். அதனால் ஒவ்வொருவராகப் பிரித்துக் கூட்டி வாருங்கள், நெருப்பு மூட்டி உட்கார்ந்திருக்கும் கும்பலுக்குள் நேராகப் போகாதீர்கள்.

இதை எழுதும்போது ஒன்று சொல்லத் தோன்றுகிறது. விரல் விறைத்திருந்தால் இந்த வித்தை நடக்காது. எங்கள் ஊரில் இரவு ஒன்பது மணிக்கு மேல் ட்ரிகரில் விரல் ஒட்டிக்கொள்ளும். பாஸுக்குப் போகும் முன் சூடான டீ கிளாஸை இரண்டு உள்ளங்கையிலும் உருட்டி, அப்புறம் கண்ட்ரோலரைத் தொடுவேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, உறைய வேண்டிய நேரம் அரை நொடிதான்.

இடது தோள் பட்டனில் பாரி இருக்கிறது, அதாவது அடி வரும் நொடியில் தட்டிவிடுவது. எதிரி செந்நிறமாக மின்னினால் அந்த அடியைத் தட்ட முடியாது, விலகிவிடுங்கள். மற்றதைத் தட்டினால், ‘ரிசால்வ்’ என்ற கோடு நிரம்பியிருக்கும்போது, திருப்பிக் குத்தி உங்கள் ரத்தத்தை, அதாவது உயிர் அளவை, மீட்டுக்கொள்ளலாம். இந்த ஆட்டத்தில் மற்றவற்றைப்போல மருந்துக் குப்பி கிடையாது என்பதால் இது பெரிய விஷயம். ஆனால் எனக்குப் பாரி சரியாக வரவே இல்லை. மருமகனுக்கு வரும். பதினாறு வயது விரலுக்கும் முப்பத்தெட்டு வயது விரலுக்கும் உள்ள வித்தியாசம் அது. வராதவர்கள் கவலைப்பட வேண்டாம், கல்லாகியே முழு ஆட்டத்தையும் முடிக்கலாம். நான் முடித்தேன்.

மருந்து என்றால் காளானும் சுட்ட எலியும்தான். வெல்ட்கேப் என்ற காளான் காட்டில் ஆங்காங்கே முளைத்திருக்கும், பறித்த இடத்தில் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முளைக்கும். பிடுங்காமல் தாண்டிப் போகாதீர்கள். எந்தப் பொருளையும் முதல் தடவை பயன்படுத்தும் வரை அது என்ன செய்யும் என்று ஆட்டம் சொல்லாது. தின்று பார்த்துத்தான் தெரிய வேண்டும். அதனால் டார்ஸ்போர் என்ற விஷக் காளானையும் ஒருநாள் தின்றேன். எங்கள் பாட்டி மழைக்காலக் காளானை முகர்ந்து பார்த்தே தூக்கி எறிவார், அந்தப் புத்தி எனக்கு இல்லை. ஆனால் தெரியாத பொருளை எதிரி இல்லாத இடத்தில் நின்று சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது. பாஸ் முன்னால் நின்று பையைத் துழாவினால் அங்கேயே சமாதி.

ரத்தம் தீர்ந்தால் உடனே சாவதில்லை. கூட்டிலிருந்து தூக்கி வெளியே எறியப்படுவீர்கள். அந்த வெளிறிய உருவத்தின் மேல் ஒரு அடி விழுந்தால் கதை முடிந்தது. ஆனால் திரும்ப ஓடிப்போய்க் கூட்டுக்குள் புகுந்துவிட்டால் ரத்தம் முழுதாக நிரம்பிவிடும். இந்த வாய்ப்பு ஒரு தடவைதான், இரண்டாம் முறை விழுந்தால் சாவு. இங்கே எல்லோரும் செய்கிற தப்பு, பதறி நேராகக் கூட்டை நோக்கி ஓடுவது. எதிரி கூட்டுக்குப் பக்கத்திலேயே நிற்பான். முதலில் அவனை விட்டு விலகுங்கள், அவன் உங்களைத் துரத்தி வந்து ஒரு அடியைக் காற்றில் வீசட்டும், அந்த இடைவெளியில் சுற்றிப்போய்ப் புகுந்துகொள்ளுங்கள்.

கூடுகள் நான்கு. முதலில் கிடைக்கும் ஹாரோஸ் எல்லாவற்றிலும் நடுத்தரம். டீல் லேசானவன்: மூச்சு (ஓடவும் உருளவும் அடிக்கவும் வேண்டிய தெம்பு) அதிகம், ரத்தம் குறைவு. சாலமனுக்கு ரிசால்வ் அதிகம். எரெட்ரிமுக்கு ரத்தம் மலைபோல, மூச்சு சொற்பம். மற்ற விளையாட்டுகளைப்போல லெவல் ஏற்றி நினைத்த பலத்தைக் கூட்ட முடியாது. அந்தந்தக் கூட்டின் திறமைகளை, செஸ்டர் ஜெனெஸா என்ற பெண்ணிடம், எதிரிகளைக் கொன்று சேர்த்த ‘தார்’ கொடுத்து முதலில் அதன் பெயரைத் தெரிந்துகொண்டு, அப்புறம் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். என் யோசனை: நான்கையும் போட்டுப் பாருங்கள், ஆனால் தாரை ஒரே கூட்டில் கொட்டுங்கள். நான் ஹாரோஸுக்கு ஐந்து திறமை வாங்கிய பிறகு எரெட்ரிம்தான் எனக்கானவன் என்று தெரிந்தது. என் கை மெதுவான கை, இரண்டு அடி கூடுதலாகத் தாங்கும் உடம்பு எனக்கு வேண்டும். மருமகன் டீலை விட்டு அசையமாட்டான்.

ஆயுதத்துக்கும் அப்படித்தான். புது ஆயுதம் வேண்டுமென்றால் அதே ஹேடர்ன் அந்த ஆயுதத்தோடு வந்து நிற்பான், அவனை வெல்ல வேண்டும். தொடக்கத்தில் கையில் இருக்கும் வாளே போதுமானது. வழியில் கிடைக்கும் க்வென்ச்சிங் ஆசிட்டைச் சேர்த்து, பட்டறை மேஜையில் அதன் கூர்மையைக் கூட்டிக்கொண்டே இருங்கள்.

குறை சொல்லாமல் விடமுடியாத ஒன்று: வழி. ஃபால்கிரிமுக்கு மேப் கிடையாது, எல்லா மரமும் ஒரே மரம், எல்லாப் பாதையும் ஒரே சேறு. கோடநாடு எஸ்டேட் பாதைகளில் இருட்டில் வண்டி ஓட்டியவன் நான், எனக்கே தலை சுற்றியது. கடைசியில் கடையிலிருந்த வீணான ஏ4 தாளின் பின்பக்கம் வரைந்தேன்: நடுவில் கோபுரம், அங்கிருந்து மூன்று கோவிலுக்கும் போகும் வழிகள், கண்ணிப் பொறி இருக்கும் இடங்களுக்கு ஒரு பெருக்கல் குறி. நீங்களும் முதல் ஒரு மணி நேரத்தை இதற்குக் கொடுங்கள். சண்டையில் செத்ததைவிட வழி தவறிச் செத்ததுதான் எனக்கு அதிகம்.

மூன்று கோவில்களையும் எந்த வரிசையில் வேண்டுமானாலும் போகலாம். ஒன்றில் நெருப்பு, ஒன்றில் பனி, ஒன்றில் கால் தவறினால் அதலபாதாளம். ஒவ்வொன்றின் ஆழத்திலும் ஒரு புனிதப் பொருளை எடுக்க வேண்டும். அதை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஃபால்கிரிம் முழுக்க இருண்ட மூடுபனி இறங்கிவிடும். வந்த வழி அதே வழிதான், எதிரிகள் வேறு.

இந்தக் கட்டத்தை நான் முதலில் ஆடிய அன்று எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. கடையின் யுபிஎஸ்ஸில் நாற்பது நிமிடம் ஓடும். ஜன்னலுக்கு வெளியே எதிர்க்கடைப் பலகைகூடத் தெரியாத மஞ்சு, திரையிலும் மஞ்சு. யுபிஎஸ் கீச்சிடத் தொடங்கிய பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. பதற்றத்தில் ஓடினேன், கண்ணிப் பொறியில் கால் வைத்தேன், இரண்டு பேர் வந்தார்கள், கூட்டிலிருந்து தெறித்தேன். “ஓடாதீங்க மாமா, நில்லுங்க!” என்று மருமகன் கத்தினான். நின்றேன். சுற்றிப்போய்க் கூட்டுக்குள் புகுந்தேன், வாளை ஓங்கினேன், உறைந்தேன். முதல் ஆள் அடித்துத் தடுமாற, வாள் இறங்கும்போது திரை அணைந்தது.

அதனால் மூடுபனி இறங்கியதும் இரண்டு விஷயம். ஓடலாம், ஆனால் வழி மனப்பாடமாகத் தெரிந்த பிறகுதான். ஏ4 தாள் இங்கேதான் உதவும். இன்னொன்று, சாதாரண நேரத்தில் திறக்காத தவளைப் பெட்டிகள் மூடுபனியில்தான் திறக்கும். எங்கே பார்த்தோம் என்று முன்பே குறித்து வைத்திருந்தால் போகிற வழியில் இரண்டு மூன்றை எடுத்துக்கொள்ளலாம். நான்கைந்து எடுக்க ஆசைப்பட்டால் என் கதிதான்.

2021இல் வந்த கூடுதல் பாகம், சாகும்போதெல்லாம் முதலிலிருந்து தொடங்கும் வகை. முதல் தடவை ஆடுகிறவர்கள் அந்தப் பக்கம் போகவேண்டாம். மருமகன் இப்போது அதில்தான் இருக்கிறான். அவனுக்கு அரையாண்டுத் தேர்வு டிசம்பரில். அக்கா போன் செய்தால் கடையில் ப்ராஜெக்ட் பிரிண்ட் எடுக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.