நீஸில் ஓட வந்தால் கிழக்கே திரும்புங்கள்

தென் பிரான்ஸின் கடலோர ஊரான நீஸில், எங்கள் ஹோட்டல் கவுண்டரில் ஒரு வரைபடக் கட்டு இருக்கும். நாட்காட்டி மாதிரி தாள் தாளாகக் கிழித்துக் கொடுக்கலாம். பதினொரு வருடமாக அங்கே இரவு வேலை பார்க்கிறேன். இரவு பதினொன்றுக்கு உட்கார்ந்தால் காலை ஏழுக்குத்தான் எழுந்திருப்பேன். ஆறு மணி தாண்டியதும் லிஃப்ட் திறக்கும், அரைக்கால் சட்டையும் ஓட்ட ஷூவுமாக யாராவது வெளியே வருவார்கள். எங்கே ஓடலாம் என்று கேட்பார்கள். நான் ஒரு தாளைக் கிழித்துப் பேனாவால் கோடு இழுக்க ஆரம்பிப்பேன். சிக்கல் என்னவென்றால், அந்த வரைபடம் துறைமுகத்தோடு முடிந்துவிடும். இந்த ஊரின் நல்ல ஓட்டமெல்லாம் அந்த ஓரத்துக்கு அப்பால்தான் இருக்கிறது. கோடு தாளை விட்டு இறங்கி மேஜைமேல் ஓடும். மேஜையை யாரும் பிய்த்துக்கொண்டு போக முடியாது என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் புதுச்சேரிக்காரன். அங்கே பீச் ரோடு ஒன்றரைக் கிலோமீட்டர். அப்பா தினமும் நடப்பார், நான் சுண்டலுக்காகக் கூடப் போவேன். ஓட ஆரம்பித்தது நீஸில், நாற்பத்தொரு வயதில், சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு. கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் எடுத்துக்கொள்ளும் ஆள் நான். வேகத்துக்கு யோசனை வேண்டுமென்றால் வேறு யாரையாவது கேளுங்கள்.

முதல் நாள் ப்ரொமெனாத் தெஸ் ஆங்லேயில் ஓடிவிடுங்கள். ஓடாமல் விட்டால் மனசு ஆறாது. விமான நிலையத்திலிருந்து பழைய ஊர் வரைக்கும் கடலை ஒட்டி ஏழு கிலோமீட்டர், தட்டையாக, அகலமாக. குளிர்காலத்தைக் கழிக்க வந்த ஆங்கிலேயர்கள் 1820களில் பணம் போட்டுப் பாதை அமைத்ததால் இந்தப் பெயர். ஊர்க்காரர்கள் 'ப்ரோம்' என்று சுருக்கிவிடுவார்கள். இரண்டாம் எண் டிராமில் விமான நிலையம் வரை போய் இறங்கி, ஊரைப் பார்த்து ஓடி வருவது என் வழக்கம். போன தூரம் திரும்ப வரவேண்டுமே என்ற கவலை இல்லை. நின்றுவிட்டாலும் வீட்டுப் பக்கம்தான் நிற்போம். ஐந்து கிலோமீட்டர் சொச்சத்தில் நெக்ரெஸ்கோ ஹோட்டலின் இளஞ்சிவப்புக் குவிமாடம் வந்துவிடும். 1913இல் திறந்த கட்டடம். தூரத்திலிருந்தே தெரியும், ஆனால் கிட்டவே வராது. ஆரம்பத்தில் அதையே பார்த்துக்கொண்டு ஓடிச் சலித்திருக்கிறேன். இப்போது வழியில் போட்டிருக்கும் நீல நாற்காலிகளை எண்ணுகிறேன்.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. சாலையோரம் சைக்கிள்களுக்கு இருவழித் தடம் இருக்கிறது. அதற்குள் காலை வைக்காதீர்கள். சிலர் மணி அடிப்பார்கள், பலர் வாயாலேயே அடிப்பார்கள். அடுத்தது வெயில். ஜூலை, ஆகஸ்டில் எட்டரை மணிக்கு மேல் ப்ரோமில் ஓடுவது தோசைக்கல்லில் ஓடுவதற்குச் சமம், நிழல் என்று பேருக்குத்தான். காலையில் காற்று பெரும்பாலும் அடங்கி இருக்கும். மதியத்துக்கு மேல் கடலிலிருந்து எழும்பும். கிளம்புமுன் ஹோட்டல் வாசல்களில் கட்டியிருக்கும் கொடிகளைப் பாருங்கள். போகும்போது காற்று முகத்தில் அடிக்கட்டும், திரும்பும்போது முதுகில் தள்ளட்டும். இதைத் தலைகீழாகச் செய்தவர்கள் ஏழரை மணிக்கு முகம் சிவந்து திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

பாதைக்கும் சாலைக்கும் நடுவே எஃகுத் தூண்களும் கம்பி வடமும் இருக்கும். அலங்காரம் என்று நினைத்து அதில் காலைப் போட்டுத் தசையை இழுத்துவிடுகிறார்கள். 2016 ஜூலை 14 இரவு ஒரு லாரி கூட்டத்துக்குள் புகுந்து 86 பேர் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு வந்தவை அவை. நான் வேறு இடத்தில் நின்று கால் இழுத்துக்கொள்வேன்.

சரி, இரண்டாம் நாள். ப்ரோம் கிழக்கே முடியும் இடத்தில் குன்று கடல்வரை மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும். சாலை அதைச் சுற்றி வளையும். அந்த முனைக்கு உள்ளூர் நீஸ் மொழியில் 'ரௌபா காப்பெவ்' என்று பெயர். தொப்பித் திருடன் என்று அர்த்தம். பெயர் சும்மா வரவில்லை. என்னுடைய இரண்டு தொப்பிகள் அங்கே கடலுக்குப் போயிருக்கின்றன. முனை வருவதற்கு நூறு அடி முன்பே தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

முனைக்கு மேலே இருப்பது கோட்டைக் குன்று, 92 மீட்டர். கோட்டையைத் தேடாதீர்கள், பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி 1706இல் இடிக்கச் சொல்லிவிட்டார். பழைய ஊர்ப் பக்கமிருந்து லெசாழ் படிக்கட்டில் ஏறினால் 213 படிகள். ஓடியே ஏற வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. முதல் நூறை ஓடி, மிச்சத்தை இரண்டிரண்டாக நடந்து ஏறினாலே கெண்டைக்கால் பேசும். பக்கத்திலேயே இலவச லிஃப்ட் இருக்கிறது, பார்க்காத மாதிரி போய்விடுங்கள். உச்சியில் செயற்கை அருவி ஒன்று கொட்டும், சாரலில் முகத்தைக் காட்டிவிட்டு மறுபக்கம் துறைமுகத்துக்கு இறங்கலாம். இரவு வேலை முடிந்த கையோடு ஏழேகாலுக்கு அங்கே போய்ப் பூட்டிய கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அனுபவம் எனக்கு உண்டு. எட்டரைக்குத்தான் திறப்பார்கள். கோடையில் இரவு எட்டு மணிக்கும் குளிர்காலத்தில் மாலை ஆறுக்கும் மூடிவிடுவார்கள். மதியம் அங்கே இருந்தால் சரியாகப் பன்னிரண்டு மணிக்குக் காது அடைக்கிற மாதிரி ஒரு வெடி கேட்கும். நேரம் சொல்வதற்காக 1860களிலிருந்து இருந்துவரும் பழக்கம். முதல் தடவை நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன், எதிரே வந்த பாட்டி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போனார்.

துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு எதிர்க்கரைக்கு வந்தால் வரைபடம் முடிந்தது. இங்கே கோடு இரண்டாகப் பிரியும். ஒன்று மலைக்கு, இன்னொன்று அலைக்கு.

மலை வழி மோன் போரோன். 57 ஹெக்டேர் பைன் காடு, உள்ளே 11 கிலோமீட்டருக்குப் பாதைகள். துறைமுகத்திலிருந்து ஏறும் முதல் கிலோமீட்டர் பொல்லாதது. அதில் மூச்சைச் செலவழிக்காதீர்கள், வேகமாக நடந்து ஏறுங்கள். காட்டுக்குள் வந்ததும் மண்பாதை மிதமாகிவிடும், அப்போது ஓடலாம். பைன் ஊசிகள் உதிர்ந்து மெத்தை போட்ட மாதிரி இருக்கும். பனி பெய்த காலையில் அதே மெத்தை வழுக்கும். குளிர்காலத்தின் கடைசியில் பைன் மரத்தடியில் கம்பளிப்பூச்சிகள் ஒன்றன் பின் ஒன்றாக நூல் பிடித்த மாதிரி ஊர்ந்து போகும். வேடிக்கை பார்க்கலாம், தொட்டுவிடாதீர்கள், அரிப்பு லேசில் போகாது.

உச்சியில் மோன் ஆல்பான் கோட்டை. துருக்கியக் கப்பற்படையும் பிரெஞ்சுக்காரர்களும் சேர்ந்து 1543இல் நீஸை முற்றுகையிட்டார்கள், அந்தச் சூட்டில், அப்போது நீஸை ஆண்ட சவோய் பிரபு 1557இல் கட்டத் தொடங்கியது. இது மிச்சமிருக்கும் கோட்டை. ஒரு பக்கம் நீஸ் முழுக்க, மறுபக்கம் பக்கத்து ஊரான வில்ஃபிரான்ஷின் வளைகுடா. டிசம்பர், ஜனவரியில், முந்தைய நாள் மழை பெய்து வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தால், சூரியன் வருவதற்கு அரை மணி முன்னால் அங்கே போய் நில்லுங்கள். அதற்கு ஒரு லீவு நாள் வேண்டும் எனக்கு. தென்கிழக்கே கடல் முடியும் கோட்டின்மேல் கறுப்பாக, ரம்பப் பல் மாதிரி, சிகரங்கள் தெரியும். மேகம் என்றுதான் முதலில் தோன்றும். மேகம் நகரும், அது நகராது. சுமார் 180 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கோர்சிகாத் தீவு அது. கிழக்கு ஆரஞ்சு ஆக ஆகப் பற்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வரும். சூரியன் மேலே வந்த சில நிமிடத்தில் அழித்த மாதிரி மறைந்துவிடும். ஒன்பது மணிக்கு அங்கே வந்து நிற்கிறவரிடம் தீவு தெரிந்தது என்று சொன்னால் நம்பமாட்டார். தலைவிளக்கு கொண்டுபோங்கள், வேர்களில் தடுக்கும். இறங்கும்போது அடிகளைச் சின்னதாக வைக்க வேண்டும். ஏற்றத்தில் மூச்சுதான் போகும், இறக்கத்தில் முழங்கால் போகும்.

அலை வழி, காப் தெ நீஸ். துறைமுகத்தைத் தாண்டிக் கோக்கோ பீச் என்கிற பாறைத் துறைக்கு வந்து படியில் இறங்கினால், பாறைச்சுவருக்கு அடியில் கடலோரமாகவே ஒரு பாதை. இரண்டு கிலோமீட்டர் இருக்கும். சிமென்ட், படி, பாறை, மறுபடி படி என்று போகும். கடிகாரத்தில் வேகத்தைப் பார்த்தால் அழுகை வரும், பார்க்காதீர்கள். தடம் பிடிக்கும் அடி உள்ள ஷூ போட வேண்டிய இடம் இதுதான், ப்ரோமுக்கு வாங்கிய மெல்லிசு ஷூ இங்கே ஆகாது.

மூன்று வருடத்துக்கு முன் நவம்பரில், வானம் தெளிவு, காற்றே இல்லை என்று நம்பி இறங்கினேன். பாதித் தூரத்தில் ஒரு வளைவு திரும்பும்போது சிமென்ட் ஈரமாக இருந்தது. யாரோ தண்ணீர் தெளித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன், அங்கே எவன் வந்து தெளிப்பான்? நாலைந்து சின்ன அலை வந்து போனது, அடுத்தது பாறையில் மோதி என் தலைக்கு மேலே எழும்பி விழுந்தது. சுவரோடு ஒட்டிக்கொண்டேன். முழங்கை உரிந்தது, போன் செத்தது. எங்கேயோ தூரத்தில் அடித்த புயலின் அலை மறுநாள்தான் இங்கே வந்து சேரும் என்பதைப் பிறகு ஒரு மீனவர் சொன்னார். அன்று முதல் எனக்கு ஒரே விதி: மழையில்லாத நாளில் பாதை ஈரமாக இருந்தால் திரும்பிவிடு. அலை பெரிதாக இருக்கும் நாளில் வாசலை அடைத்துப் பலகை வைப்பார்கள். அதைத் தாண்டிக் குதிப்பவர்களோடு சேராதீர்கள்.

பாதை முடிவில் செங்குத்தான படிகள் ஏறிச் சாலைக்கு வரவேண்டும். சாலையோரமாக இறங்கிப் போனால் வில்ஃபிரான்ஷ் ஊர். அங்கே 13ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கும் 'இருட்டுத் தெரு' ஒன்று உண்டு. வீடுகளுக்கு அடியிலேயே 130 மீட்டர் போகும். ஆகஸ்டில் அதற்குள் நுழைந்ததும் வியர்வை சில்லென்று ஆகிவிடும். நான் அதை இரண்டு தடவை ஓடுவேன்.

கால் இன்னும் கேட்கிறது என்றால், அல்லது தனியாக ஒரு நாள் ஒதுக்க முடிந்தால், காப் ஃபெரா தீபகற்பம். மொத்தத்தில் ஒரே ஒரு ஓட்டம்தான் முடியும் என்று சொல்பவருக்கு நான் கோடு போடுவது இதற்குத்தான். நீஸிலிருந்து ரயிலில் வில்ஃபிரான்ஷுக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. 15ஆம் எண் பேருந்தும் போகும். ஸ்டேஷனில் இறங்கி வளைகுடாவைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் போனால் பசாப்ள் கடற்கரை. அங்கிருந்து தீபகற்பத்தைச் சுற்றி ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர் கடலோரப் பாதை. பெரிய பெரிய மாளிகைகளின் தோட்டச் சுவர் ஒரு பக்கம், தண்ணீர் மறு பக்கம். உள்ளே நுழையக் கோடிகள் வேண்டும், வெளியே சுற்றி ஓடக் காசு வேண்டாம்.

காலையில் மேற்குக் கரையிலிருந்து தொடங்குங்கள். தீபகற்பமே நிழல் கொடுக்கும். கலங்கரை விளக்கத்தைத் தாண்டித் தெற்கு முனை திரும்பும்போது வெயில் எதிரே வரும், அதற்குள் பாதித் தூரம் முடிந்திருக்கும். பாதை வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, சரளை. பாறை விளிம்புகள் கத்தி மாதிரி; கடலைப் பார்க்க வேண்டுமென்றால் நின்று பாருங்கள், ஓடிக்கொண்டே பார்த்தால் கணுக்கால் சுளுக்கும். வழியில் கடை கிடையாது, அரை லிட்டர் தண்ணீராவது கையில் இருக்கட்டும். சேன் ழான் ஊருக்கு வந்த பிறகும் தெம்பு இருந்தால் சேன் ஓஸ்பீஸ் முனையையும் ஒரு சுற்று சுற்றலாம், இரண்டு கிலோமீட்டர் கூடும். அங்கே தேவாலயத்துக்குப் பக்கத்தில் பதினொரு மீட்டர் உயரத்துக்கு மாதா சிலை நிற்கிறது. அதையொட்டி முதல் உலகப் போரில் செத்த பெல்ஜிய வீரர்களின் கல்லறைகள். அந்தப் பக்கம் மட்டும் நடந்து போய்விட்டு, அப்புறம் ஓடுங்கள்.

திரும்பும் வழியில் தீபகற்பத்தின் கழுத்தைக் குறுக்கே கடந்து வில்ஃபிரான்ஷுக்கே வந்துவிடலாம். ஸ்டேஷனுக்கு நேர் கீழே மரினியேர் கடற்கரை. நீஸ் கடற்கரை முழுக்கக் கூழாங்கல், வெறுங்காலோடு இறங்கினால் பாதம் கத்தும், இங்கே மணல். ஷூவைக் கழற்றி, முட்டி வரைக்கும் தண்ணீரில் நின்றால் கால் வீக்கம் இறங்குவது நன்றாகத் தெரியும். நீஸ் பழைய ஊருக்குத் திரும்பியதும் சூடாக சொக்கா வாங்கிச் சாப்பிடுங்கள். கடலை மாவைக் கரைத்துப் பெரிய செம்புத் தட்டில் ஊற்றி அடுப்பில் சுடுவது. மிளகுத்தூளை நிறையக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

ரயில் டிக்கெட்டைப் போகும்போதே இரண்டு பக்கத்துக்கும் வாங்கி, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பையில் வையுங்கள். அரைக்கால் சட்டைப் பையில் வெறுமனே வைத்திருந்தேன் ஒரு தடவை. பரிசோதகர் வந்து கேட்டபோது என் கையில் இருந்தது வியர்வையில் ஊறிய காகிதக் கூழ். அவர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார், என் ஷூவைப் பார்த்தார், எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டார். பன்னிரண்டு என்றேன். கூழைத் திரும்ப என் கையிலேயே வைத்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.