பைத்தானுக்குப் பாத் அமைக்க செட்எக்ஸ் வேண்டாம்

விண்டோஸில் பைத்தான் ஃபோல்டரைப் பாத் சூழல் மாறியில் (கட்டளைகளை விண்டோஸ் தேடும் ஃபோல்டர்களின் பட்டியலில்) சேர்க்கப் பலரும் செட்எக்ஸ் கட்டளையைச் சொல்லித் தருகிறார்கள். தயவுசெய்து தவிருங்கள். மதிப்பு 1024 எழுத்துகளைத் தாண்டினால் மிச்சத்தை வெட்டிவிட்டுத்தான் அது சேமிக்கும். அதுவரை ஓடிய மற்ற கட்டளைகளும் கிடைக்காமல் போகலாம்.

ஸ்டார்ட் மெனுவில் 'என்விரான்மென்ட்' என்று தேடி, உங்கள் கணக்குக்கான பாத்தைத் திறந்து, பைத்தான் ஃபோல்டரையும் அதற்குள் உள்ள ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரையும் தனித்தனி வரியாகச் சேருங்கள். பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் இருப்பது இரண்டாவதில்தான். 'பைத்தான்' என்ற கட்டளையைத் தட்டும்போது மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்தால், இந்த இரண்டு வரிகளையும் மேலே நகர்த்துங்கள்.

ஏற்கெனவே திறந்திருக்கும் கமாண்ட் ப்ராம்ப்ட் பழைய பாத்தையே வைத்திருக்கும். மூடிவிட்டுப் புதிதாகத் திறங்கள். நிரல் எழுதும் செயலியான விஎஸ் கோடுக்குள் உள்ள டெர்மினல் என்றால், விஎஸ் கோடையே முழுதாக மூடித் திறக்க வேண்டும்.