பழைய மரப் பலசரக்குக் கடையைச் சீரமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் வட கரோலினாவின் வாலே க்ரூசிஸ் என்ற சிற்றூரில் 1883இல் தொடங்கிய மாஸ்ட் ஜெனரல் ஸ்டோர், 1973இல் தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் சேர்ந்தது. 1977இல் மூடப்பட்டு, 1980இல் மறுபடி திறந்தது. இன்றும் அங்கே வியாபாரம் நடக்கிறது. இப்படிப்பட்ட கடைகளைப் பார்த்துவிட்டு, தம் ஊரில் பூட்டிக் கிடக்கும் மரக் கடையை வாங்கிச் சீரமைக்கப் பலர் இறங்குகிறார்கள். ஆர்வத்துக்குக் குறைவில்லை. செய்கிற தவறுகள்தான் மாறுவதே இல்லை. ஒழுகும் கூரையை முதலில் அடைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை இங்கே சொல்லப்போவதில்லை.

வெளிச்சுவரை வினைல் என்ற பிளாஸ்டிக் பலகையால் மூடுவது

இவ்வளவு எழுதப்பட்டும் இந்தத் தவறு நிற்கவில்லை என்பதுதான் எரிச்சல். ஒன்றின் விளிம்பு அடுத்ததன்மேல் படிய அடுக்கி அடித்த வெளிப்பலகையில் பெயின்ட் உரிகிறது. ஒப்பந்தக்காரர் வருகிறார், "வினைல் போட்டுவிட்டால் இனிமேல் பெயின்ட்டே அடிக்க வேண்டாம்" என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

பெயின்ட் உரிவது பெரும்பாலும் பலகைக்குள் தண்ணீர் புகுந்ததன் அடையாளம். வினைல் அந்த அடையாளத்தை மறைக்கும்; தண்ணீரை நிறுத்தாது. அதைத் தட்டையாக உட்காரவைக்க, ஜன்னல் தலைப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் நீர்வடி பலகையையும் கூரை விளிம்பின் மர வேலைப்பாட்டையும் அறுத்துத் தள்ளுகிறார்கள். நூறு வருடமாக மழைத்தண்ணீரைச் சுவரை விட்டு விலக்கி விழவைத்தவை அவைதான். அதன்பின் ஜன்னல் ஓரமாக இறங்கும் தண்ணீர் நேரே பலகைக்குப் பின்னால் போகிறது. குளிர்காலத்தில் கடைக்குள்ளிருந்து கசியும் ஈரக்காற்றும் அங்கேதான் குளிர்ந்து நீராகிறது. இடையில் நுரைப்பலகையும் வைத்து அடித்திருந்தால் காய வழியே இல்லை.

மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் உளுப்பு ஆரம்பிக்கத் தோதாகிவிடும். முதலில் போவது சுவருக்கு அடியில் அஸ்திவாரத்தின்மேல் படுத்திருக்கும் அடிச்சட்டம். கடைத்தரை ஒரு பக்கம் சாய்ந்த பிறகு வினைலைக் கழற்றினால், அடிச்சட்டத்தில் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி வரை இறங்கும். கட்டடத்தையே ஜாக்கி வைத்துத் தூக்கிச் சட்டம் மாற்ற வேண்டிய நிலை அது. பெயின்ட்டில் மிச்சம் பிடித்த பணம் அந்தச் செலவில் எந்த மூலைக்கும் காணாது.

கணக்கு இன்னொன்றும் இருக்கிறது. பதிவேட்டில் உள்ள வணிகக் கட்டடத்தை அரசு வகுத்த வரையறைகளின்படி சீரமைத்தால், தகுதியான செலவில் 20 சதவீதம் அமெரிக்க மத்திய அரசின் வருமான வரியில் கழியும். பழுதான உறுப்பைக் கூடியவரை பழுதுபார்க்க வேண்டும், மாற்றியே ஆக வேண்டுமானால் பழையதோடு பொருந்த வேண்டும் என்பது வரையறை. பழைய பலகையை வினைலால் மூடியவருக்கு அந்தச் சலுகை கிடைப்பது கடினம். அந்தப் பதிவேட்டை நடத்தும் அரசுத் துறையான தேசியப் பூங்காச் சேவை இதற்கென்றே 8ஆம் எண் பாதுகாப்புக் குறிப்பை வெளியிட்டிருக்கிறது.

செய்ய வேண்டியது இது. பலகை பலகையாகக் கூரிய ஊசியால் குத்தி நெம்புங்கள். நீளச் சிராயாகக் கிளம்பினால் மரம் நல்லது. பொட்டுப்பொட்டாக உடைந்தால் உளுத்தது. உளுத்த இடத்தை மட்டும் எடுங்கள். மேல்பலகைக்கு அடியில் ஆப்பு செருகி, இடுக்கில் ஆக்சா பிளேடை விட்டு ஆணிகளை அறுத்தால் பக்கத்துப் பலகை பிளக்காது. புதுத் துண்டு அதே மரமாக இருக்கட்டும். அதன் முன், பின், விளிம்பு எல்லாவற்றுக்கும் ப்ரைமர்; அறுத்த முனைகளுக்கு இரண்டு கோட். கீழ்ப்பலகையின் மேல்விளிம்புக்கு 3 மி.மீ. மேலே ஆணி விழ வேண்டும். இரண்டு பலகையையும் சேர்த்துத் துளைத்தால், மரம் சுருங்கும்போது பிளந்துவிடும். அடுக்குப் பலகையின் கீழ்விளிம்பைச் சீலன்ட் வைத்து அடைக்கவே கூடாது. உள்ளே போன ஈரம் வெளியேறும் வழி அது.

ஈரமானியில் 15 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள்.

சுவரோரம் மண் குவிய விடுவது

மண்ணுக்கும் பலகைக்கும் குறைந்தது 15 செ.மீ. இடைவெளி.

பழைய பெயின்ட்டைத் தீயால் எடுப்பது

1978க்கு முந்தைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். தீச்சுவாலை காட்டினால் ஈயப்புகை கிளம்பும். பலகைக்குப் பின்னால் தூசியில் பிடித்த தீ வெளியே தெரிய மணிக்கணக்காகும். வெப்பக் காற்றுத் துப்பாக்கியானாலும் 593 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது. ஈரப்படுத்திச் சுரண்டுவது மெதுவான வேலைதான், அதையே செய்யுங்கள். ஒட்டி நிற்கும் பெயின்ட்டை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

மணல் பீச்சுதல்

வேண்டாம். மரத்தின் மென்மையான வளையங்கள் அரித்துப்போகும், திரும்ப வராது.

உள்ளே இருப்பதை முதல் வேலையாகக் காலி செய்வது

கவுன்டர், இழுப்பறைகள், தபால் பெட்டி அடுக்கு, நடுவில் இரும்பு அடுப்பு: இவை போய்விட்டால் மிஞ்சுவது வெறும் கொட்டகை. மாஸ்ட் கடையின் தரையில் ஒரு சிறு பொறிக்கதவு உண்டு. சாமானுக்கு ஈடாக வந்த கோழிகளை எடைபோட்டு அதன் வழியே கீழே உள்ள கூண்டில் விட்டார்கள். பண்டமாற்று எப்படி நடந்தது என்பதற்கு அந்த ஓட்டையே சாட்சி. விஷயம் தெரியாதவர் கையில் அது ஒரு பலகைத் துண்டால் மூடப்பட்டிருக்கும்.

எதையும் நகர்த்தும் முன் நான்கு சுவரையும் நேர்முகமாக, அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். தட்டு எடுத்த இடத்தில் பெயின்ட் படாத கீற்று தெரிந்தால் அதன்மேல் பூசாதீர்கள். பழைய அலமாரியின் உயரம் அதில்தான் இருக்கிறது.

தரையை டிரம் மெஷினால் இழைப்பது

கவுன்டருக்கு முன்னால் தேய்ந்த பள்ளம் வாடிக்கையாளர் நின்ற இடம். அதைச் சமப்படுத்த இழைத்தால், பலகைகள் ஒன்றோடொன்று கோத்திருக்கும் நாக்கு வெளியே வந்து உடையும். கழுவாமல் துடைத்து, மெழுகு பூசினால் போதும்.

பதிவேட்டில் இருந்தால் பத்திரம் என்று நம்புவது

தேசியப் பதிவேடு ஒரு மரியாதை. சொந்தப் பணத்தில் வேலை செய்யும் உரிமையாளர் கடையை இடித்தால்கூட அது மட்டும் தடுக்காது. தடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் உள்ளாட்சியின் பாரம்பரியக் கட்டடச் சட்டத்துக்குத்தான். உங்கள் ஊரில் அது இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள்.